எல்லாம் அம்மா வழியாக

அன்புள்ள அப்பாவுக்கு மகன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அக்கா வேளாவேளைக்கு மாத்திரை தருகிறாளா? எனக்கு இருமல் நின்றுவிட்டது.

போன வாரம் ஆபீஸில் ஒரு கூத்து. கம்ப்யூட்டரிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பும் கார்டில் எட்டு வரிசைகள் உண்டு. எங்கள் மென்பொருளோ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் திணித்துக்கொண்டிருந்தது. மற்ற ஏழையும் நான் திறந்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தால், அத்தனை செய்திகளும் பழையபடி முதல் வரிசையிலேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன! டீம் லீடர் சிரித்துவிட்டார்.

"வழியத் திறந்துவிட்டா போதுமாய்யா? யாரு எதுல போகணும்னு சொல்ல வேணாமா?"

அதைச் சொல்லும் பகுதியை நான் எழுதவே மறந்திருக்கிறேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நம் வீட்டிலும் எல்லாம் அம்மா வழியாகத்தானே போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியதிலிருந்து நீங்களே கூப்பிடுகிறீர்கள். "ம்", "சரி" என்று ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம்.

ஒரு உதவி அப்பா. அம்மாவின் போனிலிருந்து கூப்பிடாதீர்கள். திரையில் 'அம்மா' என்று வந்ததும் ஒரு நொடி நம்பிவிடுகிறேன். உங்கள் போனுக்கு ரீசார்ஜ் செய்திருக்கிறேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். அம்மா பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்கும்: "சாப்டானான்னு கேளு." அவள் கேட்பாள். அவளுக்குத்தான் பதில் சொல்வேன். உங்களுக்குச் சொன்னதே இல்லை.

சாப்பிட்டேன்ப்பா.