வெள்ளை பூசிய ஆள்

அம்மாவுக்கு உன் மகள் கும்பிட்டு எழுதுவது. மூட்டுவலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடுறேன்.

நான் வேலை பார்க்கிற வீட்டுப் பெரியவர், கரி எஞ்சின் காலத்து கூட்ஸ் பெட்டிகளோட பழைய போட்டோக்களை லென்ஸ் வச்சுப் பார்த்து ஆராய்ச்சி பண்றவர். நேத்து மேசை துடைக்கும்போது ஒரு போட்டோவில், பெட்டியை ஒட்டி ரெண்டு கால் மட்டும் நின்னுச்சு. மேலே ஆளைக் காணோம். பயந்துபோய்க் கேட்டேன்.

"பேய் இல்லம்மா! பெட்டி எடுப்பாத் தெரியணும்னு, பக்கத்தில நின்னவனை வெள்ளை பூசி அழிச்சிருக்காங்க. காலை மறந்துட்டாங்க"ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

என் வீட்டுக்காரர் படத்தைப் பெரிசாக்கி மாட்டணும்னு, நானும் அவரும் நிற்கிற ஒரே போட்டோவைக் கொழுந்தன் உன்கிட்ட வாங்கிட்டுப் போனதா எழுதியிருந்தியே. அவன்மேல எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் சாவு வீட்டிலேயே என்னை ஓரமா நிக்கச் சொன்னவன் அவன். ஸ்டுடியோக்காரர்கிட்ட என்ன சொல்லியிருப்பானோ!

நீயே ஸ்டுடியோவுக்கு நேரில் போ. அசலைக் கையோட வாங்கிக்கோ. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, இங்கே என்கிட்ட அவர் முகம் இல்லை. பெரியவர் கூப்பிடுறார், முடிக்கிறேன். அந்தப் போட்டோவில என் வீட்டுக்காரர் தோள்மேல என் கை இருக்கும்மா, அதை அழிக்க விட்டுடாதே.

உன் மகள்