நீங்கள் இறந்துபோன கதை

குறும்புக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை. நிஜமாய்ப் போவதற்கு முன்னாலேயே உங்களை ஒரு முறை கதையில் சாகடித்தவள் நான். என் பாழாய்ப்போன எழுத்துதான் பலித்துவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது கதை எழுதும் வகுப்பு ஒன்று இருந்தது. தெரிந்ததை எழுது என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஆரணியும் நீங்களும்தான். ஒரு நெசவாளி தறிக்குழியில் உட்கார்ந்தபடியே உயிர்விடுவதை மகளே சொல்வது போல எழுதினேன். தெருவின் பெயரையும் உங்கள் பெயரையும் மாற்றவேண்டும் என்ற புத்திகூட இல்லை. எங்கள் துறையின் ஆண்டு மலரில் அது வந்தது. பெருமை தாங்காமல் வந்தவாசிப் பெரியப்பாவுக்கும் ஒரு மலரை அனுப்பிவிட்டு லீவுக்கு வீடு வந்தேன்.

பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் படித்து அர்த்தம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். முதல் பஸ்ஸைப் பிடித்து, ரோஜா மாலையோடு பெரியப்பாவும் பெரியம்மாவும் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தார்கள். சத்தம் கேட்டு நீங்கள் தறியை விட்டு எழுந்து வந்தீர்கள்.

“இன்னாண்ணே, யாரு பூட்டாங்க? ஏன் அழுதுகினு வரீங்க?”

பெரியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உங்களை உயிரோடு பார்த்ததும் பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்!

“இங்கிலீஷுல அச்சடிச்சிருக்குதுடா! பொய்யா இருக்கும்னு யாரு கண்டா? பெத்த அப்பனையே சாவடிக்கிற படிப்பு நமக்கு இன்னாத்துக்கு? இன்னியோட நிறுத்து!”

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் பேச்சை நீங்கள் தட்டியதே இல்லை. என் படிப்பு அன்றோடு சரி என்றே நினைத்தேன். நீங்களோ அந்த மாலையை வாங்கி உங்கள் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சிரித்தீர்கள்.

“கேட்டதும் ஜல்தியா ஓடியாந்துட்டீங்களே... அப்போ பொண்ணு நல்லாதாண்ணே எழுதிகீறா. படிக்கட்டும் உடுங்க.”

இப்போது செய்யாறில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் மாணவிகள் கதை எழுதக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டேன். ஏன் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டாள். மனதில் இருந்ததைச் சொல்லி அழுதேன்.

“அடிப் பைத்தியமே! நீ மெட்ராஸுக்குப் போறதுக்கு முன்னாடியே டாக்டரு அவருக்கு நெஞ்சு வீக்குன்னு சொல்லிட்டாரு. தெரிஞ்சா நீ படிக்கப் போவமாட்டேன்னு மறைச்சிட்டோம். ராவெல்லாம் பயந்துகினே கிடப்பாரு. பொய்யா சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க இல்ல? அந்த மாலை வந்ததுக்கு அப்புறந்தான் மனுஷன் நிம்மதியா தூங்கினாரு. ‘எம்பொண்ணு எனக்கு ஆயுசு எழுதிட்டா’ன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

என்னிடம் ஏன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை? அம்மா மடியில் படுத்து வெகுநேரம் அழுதேன். பிறகு பசித்தது. எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மாணவிகளுக்கு அந்த வகுப்பைத் தொடங்குகிறேன். நானும் மறுபடி எழுதுவேன் அப்பா, பயமில்லாமல் எழுதுவேன். இது சத்தியம்.

உங்களுக்கு ஆயுசு எழுதிய மகள்,
வசந்தா