பழுது வீலில் இல்லை

மச்சான்,

இன்று காலை அலுமாரியின் மேல் தட்டிலிருந்து அந்த ஸ்டியரிங் வீலை இறக்கினேன். மேசையில் பூட்டி, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கேம் கொன்சோலில் கார் ஓட்டுவோமே, அதுதான். பொலித்தீன் உறையைப் பிரித்ததும் பழைய டயர்க் கடை வாசனை. மலிவு ரப்பர், கண்டி ஈரத்தில் இளகிவிட்டது. முழுவதும் அல்ல. நாலு நாள் விடாமல் உன் வியர்வை பட்ட வலது பக்கம் மட்டும் தொட்ட விரலை விடமாட்டேன் என்கிறது. இடது பக்கம் பெட்டியில் வந்த நாள் மாதிரியே காய்ந்து, வரி அழியாமல் கிடக்கிறது. நீ பார்த்திருந்தால், "இதத்தான்டா டாக்டர் ஸ்கேன்ல தேடினாரு" என்றிருப்பாய்.

ஏன் இறக்கினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் உனக்கும் செய்தி அனுப்பியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மிச்சம் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார். போன வாரம் நான் காரைக் கொண்டுபோய் எங்கள் வீட்டுக் கேட் தூணிலேயே சாத்தினேன். கண்ணாடி சரியில்லை என்றேன். பிறகு வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அன்று வெயிலே இல்லை.

உனக்கு இடது பக்கம் லேசான பாரிசவாதம் வந்துபோன வருஷத்தை நினைக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஹந்தானை ரோட்டில் ஸ்கூல் வேன் ஓட்டியவன் நீ. மேலே தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் தொடங்கி, வளைவுக்கு வளைவு பிள்ளைகளை ஏற்றி, டவுன் பள்ளிக்கூடங்களில் இறக்குவாய். இருபத்தொரு பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வேன் சாவியைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தாய். நர்ஸ் எடுத்து வைக்கப் போனதற்கு, "அது என் இருதயம் மிஸ், அங்கயே இருக்கட்டும்" என்றாயாம். அந்தப் பள்ளித் தவணை முழுக்க உன் மச்சினன் வேனை ஓட்டினான். அவன் கிளச் மிதிக்கும் லட்சணத்தை நீ வீட்டுக்குள் படுத்தபடியே சத்தத்தில் கண்டுபிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாய்.

விடுமுறை விட்ட மறுநாள் உன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, ஸ்கூல் தொறந்ததும் இவரே வேன எடுக்கப் போறாராம். டாக்டர் வரச் சொன்ன நாளைக்கும் போகல. கேட்டா கையத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு."

"தூக்குதுல்ல? நல்லதுதானேம்மா."

"தூக்குது அண்ணே. பிடிக்குதான்னுதான் தெரியல. மூணு கோப்பை ஒடஞ்சிருச்சு. நான் சொன்னா சண்டைக்கு வாறாரு. நீங்க பாத்து, ஓட்டலாம்னா ஓட்டலாம்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொன்னால் நீ கேட்பாய். அதுதான் சிக்கல். ஊரைச் சிரிக்கவைக்கப் பத்திரிகையில் பகிடிக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனிடம் யாரும் நிஜத்தைக் கேட்டு வருவதில்லை. அந்தப் பழக்கமே எனக்கில்லை.

ஆகவே குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தேன். என்னிடம் கேம் கொன்சோல் இருந்தது. மகள் கொழும்புக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போனது என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் நானே வாங்கியது என்பது உனக்கு மட்டும் தெரியும். "ஒரு ஸ்டியரிங் வீல் வாங்குவோம்டா, டிவியில ஓட்டிப் பாரு. மோதினா பம்பர் மாத்த வேண்டியதில்ல" என்றேன். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். தவணை தொடங்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, மாடியில் இருந்த கடை. திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறக்கும் முஸ்லிம் முதலாளி, நாங்கள் கூப்பிடுவது நானா என்று. கம்பெனி வீலின் விலையைக் கேட்டோம். அந்தக் காசுக்கு உன் வேனுக்கு எஞ்சினே இறக்கலாம் என்றாய். அப்புறம் பெயர் தெரியாத பெட்டிகளைக் கீழே இறக்கச் சொன்னோம். நீ செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாய்.

"நானா, இது இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு எத்தன சுத்து?"

"முக்கா சுத்து அண்ணன். எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க."

"முக்கா சுத்துல பைசிக்கிள்தான் திரும்பும். என் வேனுக்கு மூணரை."

"ரெண்டரை சுத்து உள்ளதும் ஈக்குது. ஆனா கொஞ்சம் பாரம்."

நான் குறுக்கே விழுந்து முக்கால் சுற்று வீலையே எடுக்க வைத்தேன். பெட்டியில் 'எல்லா கொன்சோலுக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே எறும்பெழுத்தில் வேறு கதை. கிராம சேவகர் கடிதம் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு காரியமும் நடக்காதே, அதேதான். கையில் பிடித்து ஆடும் அசல் கம்பெனி கொன்ட்ரோலர் ஒன்றை இந்த வீலின் பின்பக்கம் சொருகி, அது "இவன் நம்ம ஆள்" என்று சாட்சி சொன்னால்தான் கொன்சோல் வழி விடும்.

சாட்சி சொன்னது. நீ ஓட்டினாய். மலைப் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். ஒரு வளைவில்கூட உரசவில்லை. எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. "பாத்தியா, ஒன்னுமில்ல ஒனக்கு" என்று எழுந்தே விட்டேன். நீ எழவில்லை. வீலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாய்.

"இது பொய் சொல்லுது மச்சான். இதுல எங்கயும் பிடி மாத்தவே வேண்டியதில்ல. நம்ம ரோட்ல ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டு தரம் மாத்தணும்."

மறுநாள் நீயே அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டரைச் சுற்று வீலைத் தூக்கி வந்தாய். இறுக்கிப் பூட்டியதில் என் சாப்பாட்டு மேசையில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. பெடல் தட்டு சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓட, பின்னால் பத்துக் கிலோ அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தோம்.

மூன்றாவது வளைவு. வலது கை வீலைச் சுற்றிக் கீழே வந்து, அடுத்த பிடிக்காக விட்டது. இடது கை தாங்க வேண்டிய அந்த ஒரு நொடியில் வீல் உருவிக்கொண்டு நடுவுக்கு ஓடியது. கார் நேராகப் போய் வேலியை உடைத்துக்கொண்டு இறங்கியது. நீ மறுபடி தொடங்கினாய். அதே வளைவு. அதே வேலி. ஐந்தாம் தடவை நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "வீல் சரியில்லடா. ஸ்பிரிங் ஓவரா இழுக்குது. சைனா சாமான்ல வேற என்னத்த எதிர்பார்க்க?"

உன் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பேனோ.

ஒரு வாரத்துக்குள் பழுதென்றால் மாற்றித் தரும் செக்கிங் வொரண்டி கடையில் இருந்தது. நான் தனியாகக் கொண்டுபோனேன். நானா தன் மேசையில் பூட்டி, நின்றபடியே ஒரு சுற்று ஓட்டினார். வெண்ணெயில் கத்தி மாதிரிப் போனது கார்.

"வீல்ல ஒரு பழுதும் இல்ல அண்ணன்."

"தெரியும் நானா. சும்மா மாத்திக் குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்த அண்ணனுக்குக் கை சொகமில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். தவணைக்கு ஐந்து நாள்.

புது வீல், அதே வகை. வியாழன், வெள்ளி, சனி. காலையில் வந்தால் வெளிச்சம் மங்கும்வரை நீ மேசையை விட்டு எழவில்லை. மூன்றாவது வளைவில் வேலி உடையும் சத்தம் கேட்டுக் கேட்டு, என் வீட்டுக்காரி சமையலறையில் இருந்தே எண்ணத் தொடங்கிவிட்டாள். நான் ஸ்பிரிங் என்றேன், செட்டிங் என்றேன், வோல்டேஜ் என்றேன். ஒரு கட்டத்தில் டிவி கொஞ்சம் பழசு என்றுகூடச் சொன்னேன். உன் மனைவி கேட்கும்போது "இன்னும் பாக்கலாம்மா" என்றேன்.

ஞாயிறு பின்னேரம் அவளும் வந்தாள். விடிந்தால் பள்ளிக்கூடம். ஹந்தானைப் பக்கம் மழை கறுத்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டோடு கையில் வைத்தபடி, குடிக்காமல், உன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நீ ஓட்டினாய். வேலி உடைந்தது. அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இந்த வீலும் பழுதுதான்டா" என்றேன்.

நீ கதிரையை விட்டு எழுந்தாய். "சரி. நீ ஓட்டு."

"நான் எதுக்குடா?"

"ஓட்டு மச்சான். பாப்போம்."

உட்கார்ந்தேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வீல் சொன்ன சொல் கேட்கிறது. மூன்றாவது வருகிறது. வலது கையைக் கீழே இறக்கினேன். இடது கையை மெதுவாக, யாருக்கும் தெரியாமல், தளர்த்தினேன். வீல் உருவிக்கொண்டது. வேலி உடைந்தது. "பாத்தியா? எனக்கும் அப்படித்தான்!" என்று வெற்றியோடு திரும்பினேன்.

நீ டிவிப் பக்கமே நிற்கவில்லை. என் தோளுக்கு அருகே நின்றிருந்தாய்.

"நான் டிவியப் பாக்கல. ஒன் கையப் பாத்தேன். வேணும்னே விட்ட."

"இல்லடா..."

"பத்தொம்பது வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன்டா நான். பிடி நழுவுறதுக்கும் நழுவ விடுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

ஒரு பகிடி சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடினேன். டிவியில் கார் கவிழ்ந்த நிலையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருவத்தொரு புள்ளைங்கடா. நாளைக்கு அந்தப் புள்ளைங்கள என் வண்டியில ஏத்தி அனுப்பிருப்ப. நான் மூஞ்சத் தூக்கிருவேன்னு பயந்து."

நீ சத்தம் போடவில்லை. சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாய். உன் மனைவியின் கையில் இருந்த கோப்பைத் தட்டில் வைத்தாய். அது 'கிணுங்' என்று விழுந்த சத்தம் மட்டும்தான். பிறகு செருப்பைத் தேடினாய். இடது காலை நுழைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் குனிந்து உதவவில்லை. உதவினால் உதைப்பாய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தத் தவணை முழுக்க நீ என்னோடு பேசவில்லை. உன் வேன் மச்சினன் கையில் காலையில் எங்கள் கேட்டைக் கடக்கும்போது நான் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். டீச்சர் அதையும் கவனித்து, எனக்கு வயிறு சரியில்லை என்று நாலு வீட்டுக்குச் சொன்னார்.

பிறகு ஒரு நாள் நீயே வாசலில் நின்றாய். "ஒத்தக் கையால ஆடுற மாதிரி கொன்ட்ரோலர் இருக்காடா?" முகமன் ஒன்றும் இல்லை, வணக்கம் இல்லை. அப்படியே கடைக்குப் போனோம். நானா ஏழெட்டு மலிவு கொன்ட்ரோலர்களைப் பரப்பினார். ஒன்று பார்க்க அசலை உரித்து வைத்ததுபோல் இருந்தது. "இது ஒனக்குச் சரிவராது, இடது பக்கத்து பட்டன் எட்டாது" என்றேன். இன்னொன்று பாரம், பிடித்தால் உன் விரல் தளரும் என்றேன். பின்பக்கம் மேலதிகமாக இரண்டு பட்டன் உள்ள ஒன்றைக் கடைசியில் எடுத்தோம். இடது விரல் செய்ய வேண்டிய வேலையை வலது கைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவை நான் "சரிவராது" என்று சொன்னபோதும் நீ சிரித்தாய். ஒன்றரை வருஷம் அந்தக் கொன்ட்ரோலரால் என்னைத் தோற்கடித்தாய். நான் விட்டுக்கொடுக்கவில்லை, மச்சான். சத்தியமாக நிஜமாகத்தான் தோற்றேன்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த அன்று வேன் உன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு ஒவ்வொருவராக இறங்கி உன்னைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக ஏறினார்கள். உன் மனைவி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அவர்களை எண்ணினாள். இருபத்தொன்று.

இப்போது என் கதை. சீனி வியாதி பாதத்துக்கு இறங்கி உணர்வு குறைந்துவிட்டது என்று டாக்டர் எழுதித் தந்த துண்டை ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். எந்தப் புத்தகம் என்பதை வசதியாக மறந்தேன். பிறகுதான் கேட் தூண் வந்தது. நாளைக்கு மடுல்கெல்லயில் ஒரு கலியாணம். மச்சினி குடும்பத்தையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டுவதாக ஏற்பாடு.

அதனால்தான் காலையில் வீலை இறக்கினேன். அதே பள்ளத்தில் பூட்டினேன். பெடலை வைத்து, பின்னால் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

"டிவியப் பாக்காத. தரையில உக்காந்து என் காலப் பாரு."

"என்ன கூத்து இது" என்றபடி உட்கார்ந்தாள். ஓட்டினேன். இரண்டு வளைவு தாண்டியது. மூன்றாவது வந்தது.

"ஏங்க, இப்ப பிரேக்க மிதிக்கிறீங்களா?"

"மிதிக்கிறேனே."

"இல்லீங்க." அவள் குரல் இறங்கியது. "ரெண்டு பெடலுக்கும் நடுவுல கெடக்கு கால்."

வேலி உடைந்தது. பெடல் வழுக்குகிறது என்று சொல்ல வாய் வந்தது. குனிந்து பார்த்தேன். அரிசி மூட்டை அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.