பூ வைத்தவளுக்கும் வலிக்கும்

அண்ணி, இன்று மதியம் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் அறையில் ஓமத் தண்ணீர் வாசனை அடித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "கேஸுதான், வாயுதான்" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிளாஸ்க் மூடியில் ஓமத் தண்ணீரை ஊற்றி அவள் வாயருகே நீட்டினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

நான் குடிக்காத ஓமத் தண்ணீரா? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் அது கொதிக்காத நாளே கிடையாது அப்போது. கூடவே பெருங்காயம் போட்ட மோர், இஞ்சிச் சாறு, பச்சை நிறத்தில் ஒரு மாத்திரை. எல்லாமே கேஸுக்கு. வலி மட்டும் அதுபாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்த சாயங்காலம்தான் முதலில் வந்தது. விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்குப் போய், தோள்பட்டையில் ஏறி உட்கார்ந்தது. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த வலியே தேவலை என்று இருந்தது.

எங்கள் தெருமுனை டாக்டர் கேள்வியை என்னிடம் கேட்டார், பதிலை என் வீட்டுக்காரரிடம், உங்கள் தம்பியிடம் சொன்னார். "கேஸ்தான் சார். லேடீஸ் எங்க நேரத்துக்குச் சாப்பிடறாங்க?" உங்கள் தம்பியும் தலையாட்டிவிட்டு மாத்திரை வாங்கப் போய்விட்டார். மறுபடி வலி வந்தபோது திருச்சிக்குப் போய் இன்னொருவரைப் பார்த்தோம். வலி அடங்கியிருந்த நேரம் அது. வெளியே கிளம்புகிறோமே என்று நல்ல புடவை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க? பூவெல்லாம் வச்சுக்கிட்டு ஜம்முனு வந்திருக்கீங்க. வீட்ல ஏதாவது டென்ஷனா?" ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "நெட்ல படிச்சீங்களா?" என்று சிரித்தார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. "டாக்டரே ஒண்ணும் இல்லைன்னுட்டாரே" என்பார் உங்கள் தம்பி. கெட்டவர் இல்லை, வெள்ளைக் கோட்டு சொன்னால் நம்பிவிடுகிறவர். அதைவிட மோசம் என்ன தெரியுமா? நானே என்னை நம்பாமல் போனதுதான். அடுக்களைத் தரையில் சுருண்டு கிடந்தபடி, நிஜமாகவே வலிக்கிறதா, நாமாகவே கிளப்பிவிடுகிறோமா என்று யோசித்திருக்கிறேன். சே! ஒரு மனுஷியை எந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டார்கள் பாருங்கள்.

அப்படிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எடமலைப்பட்டி புதூரிலிருந்து நீங்கள் வந்தீர்கள். என் கணவரின் அக்கா, ரேஷன் கடையில் பில் போடுகிறவர், வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உங்களைக் கண்டால் கொஞ்சம் பயம். நாத்தனார் வந்துவிட்டாரே, கிடக்கிற கோலத்தைப் பார்த்து ஏதாவது சொல்வாரே என்று எழுந்திருக்கப் பார்த்தேன். நீங்கள் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எங்க வலிக்குது? கையை வச்சுக் காட்டு."

அதுவரைக்கும் யாருமே என்னை அப்படிக் கேட்டதில்லை அண்ணி. காட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"கிளம்புடி" என்றீர்கள். முகம் கழுவி, இருந்ததிலேயே பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். பூ வைக்கவில்லை. ஏன் இப்படி மூளியாக வருகிறாய் என்று நீங்கள் கேட்க, அந்த டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ராஜகோபுரத்துக்கு எதிரே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மல்லிகைப்பூ வாங்கி, வலியில் முனகிக்கொண்டிருந்த என் தலையைத் திருப்பி நீங்களே வைத்துவிட்டீர்கள். "பூ வச்சவளுக்கு வலிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? அவங்க நம்பணும்னு நாம வேஷம் கட்டணுமா? இப்படியே வா." ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா சிரிப்பு, வண்டியைப் பாலத்துல பார்த்து ஓட்டு" என்று அவருக்கும் ஒன்று விழுந்தது.

திருச்சியில் நீங்கள் கூட்டிப்போன மருத்துவமனையிலும் அதே கதைதான். டாக்டர் என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "கேஸ்ட்ரிக் ப்ராப்ளம்தான், அதே மாத்திரையைக் கன்டினியூ பண்ணுங்க" என்றார். மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நிறைய பேர் வெயிட் பண்றாங்க."

"பண்ணட்டும் டாக்டர். நான் ரேஷன் கடையில வேலை பாக்குறவ. இல்லைன்னு சொல்லி ஆளை அனுப்புறது எனக்கு தினப்படி வேலை. ஸ்டாக்கைப் பாத்துட்டுச் சொல்ற இல்லை எது, பாக்காமலே சொல்ற இல்லை எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க இன்னும் இவ வயித்துல கையே வைக்கலியே?"

அவர் முகம் சிவந்தது. கதவருகே நின்ற நர்ஸ் குனிந்துகொண்டார். உங்களை அனுப்புவதற்காகவோ என்னவோ, டாக்டர் எழுந்து வந்து விலாவுக்குக் கீழே அழுத்தி, "மூச்சை இழுங்க" என்றார். இழுக்க முடியாமல் நான் போட்ட அலறலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன். பித்தப்பை நிறையக் கல். வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆளே தப்பியிருக்க மாட்டாள் என்று ஆபரேஷன் செய்தவர் உங்கள் தம்பியிடம் சொன்னாராம். அதைக் கேட்டு உங்கள் தம்பி வராண்டாவில் உட்கார்ந்து அழுததை நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். "அழட்டும், நல்லா அழட்டும்" என்றும் சொன்னீர்கள்.

எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனீர்கள். டோக்கன் எடுத்து, வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் மேசைமேல் பாட்டிலை வைத்து, "இந்தாங்க டாக்டர், நீங்க சொன்ன கேஸு" என்றுவிட்டு, ஃபீஸையும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். தையல் வலிக்க வலிக்க நான் சிரித்த சிரிப்பு! அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை நீங்கள். உங்கள் வீட்டு ஷோகேஸில், பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே வைத்திருந்தீர்கள்.

இவ்வளவு செய்த நீங்கள் உங்களுக்கென்று வந்தபோது என்ன செய்தீர்கள்? போன வருஷம் நெஞ்சை அடைக்கிறது என்று வீட்டருகே ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனீர்கள். திரும்பி வந்து எனக்கு போன் போட்டு, "கேஸாம்டி" என்று சிரித்தீர்கள். "ஈசிஜி எடுத்தாங்களா அண்ணி?" என்றேன். "கடையில சரக்கு இறங்குதுடி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றீர்கள். அந்த நாளை விடியும்போது நீங்கள் இல்லை.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் அண்ணி. எனக்காக ஒட்டிக்கொண்ட அந்த நாற்காலியில் உங்களுக்காக ஏன் கொஞ்ச நேரம் உட்காரவில்லை? அடுத்தவளுக்கு என்றால் நமக்குத் தொண்டை திறக்கிறது. நமக்கு என்றால் வலியைச் சொல்வதற்கே கூச்சம். உங்களுக்கே அப்படி என்றால் மற்றவர்கள் கதி என்ன? காரியம் முடிந்ததும் உங்கள் மகள் அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அது என் கைப்பையில்தான் இருக்கிறது.

இன்று அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றினேன். பாதி வழியில் தலையிலிருந்த பூவை எடுக்கப் போனாள். "எதுக்கும்மா எடுக்கற?" என்றேன். "இல்ல மேடம், பூவோட போனா டாக்டர் என்ன நினைப்பாரோ..." அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வச்சுக்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

டாக்டர் வயசுப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "அசிடிட்டி மாதிரிதான் தெரியுது. நீங்க அவங்க அம்மாவா?" என்று என்னைக் கேட்டார். நான் பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்னங்க இது?"

"கேஸு, டாக்டர். என் வயித்துல இருந்தது."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் நான் பேசுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைப் போலச் சண்டை போட வாய் வரைக்கும் வந்துவிட்டது அண்ணி. அடக்கிக்கொண்டேன். நாளைக்கு அவள் தனியாக வர வேண்டியிருக்கும்.

"நீயே சொல்லும்மா" என்றேன். "எங்க வலிக்குதுன்னு கையை வச்சுக் காட்டு. அவர் பாக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

முதலில் முணுமுணுத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, விலாவுக்குக் கீழே கையை வைத்து, அறைக்கு வெளியே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இங்க வலிக்குது டாக்டர். ரொம்ப வலிக்குது. ஸ்கேன் எழுதுங்க."

அவர் எழுதினார்.