இறங்குவதைப் பார்க்கப் போனோம்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் வெங்கடேஸ்வரிக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி மகாலட்சுமியும் அந்த ஊர்க் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுசனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீயும் அந்தப் பக்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய், சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று மூன்று பேரும் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு வைத்துவிடுகிறோம். சொல்லவேண்டியது தொண்டையிலேயே நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இங்கே ஆடிப்பூரத் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. அம்மா கூட்டத்துக்குப் பயந்து தெருமுனையில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தாள். வத்திராயிருப்பில் மழை பரவாயில்லை, பாண்டிச்செல்வம் மாமா நம் வயலையும் சேர்த்தே உழுது போட்டிருக்கிறான். கிணற்று மேட்டு மாமரம் இந்த வருசம் காய்த்ததே காய்த்தது, அம்மா ஊறுகாய் போட்டு உனக்கென்று ஒரு ஜாடி தனியாக வைத்திருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ராஜபாளையத்து டாக்டர் மாடிப்படி ஏறாதே என்கிறார், நம் வீட்டில் மாடி எங்கே இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நான் வெளியே போன நேரத்தில் அவள் வெல்லம் தின்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாடி, துரையைப் பற்றி நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. உனக்குத் தெரியாததை நான் எழுதப்போவதில்லை, ஆனாலும் எழுதினால்தான் மற்றதைச் சொல்லமுடியும். மகாலட்சுமி பிறந்த சேதி கேட்டதும் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் லீவு கேட்டு, தாய்மாமன் சீர் என்று வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் வாங்கிக்கொண்டு உன் தம்பி உன்னைப் பார்க்கக் கிளம்பினான். விமானம் ஏறும் முன் எனக்குப் போன் போட்டு, "யப்பா, கொலுசு பெருசா இருக்குமோன்னு யோசனையா இருக்கு, பிள்ள வளந்துரும்ல" என்றான். அவ்வளவுதான் அவன் என்னிடம் பேசியது. அவன் ஏறிய விமானம் கடலுக்கு மேலே போகும்வரை ரேடார் திரையில் தெரிந்ததாம், அப்புறம் தெரியவில்லையாம். எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் தேடின. ஒரு துண்டுத் தகரம்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு நீ போனில், "நான்தானப்பா வா வான்னு கூப்பிட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லி அழுதாய். அதற்கப்புறம் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு தடவை ஊருக்கு வர டிக்கெட் எடுத்து, விமான நிலையத்து வாசல்வரை வந்து, உள்ளே போகமுடியாமல் திரும்பிப்போனதாக மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நான் அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று மாற்றிச் சொல்லி வைத்தேன். அவள் நம்பியதுபோலத்தான் இருந்தாள்.

அம்மா ஏன் உன்னிடம் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அவன் எங்கேயோ இறங்கியிருக்கிறான் என்பது அவள் நம்பிக்கை. வந்து நிற்கும்போது வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்று ஓர் இரவுகூட வெளியே தங்கமாட்டாள். மாமா மகள் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடித்ததும் வத்திராயிருப்பிலிருந்து கடைசி பஸ் பிடித்து வந்துவிட்டாள், முந்தின நாள் அழைப்புக்கும் போகவில்லை. அந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் பாண்டிச்செல்வம்தான். பட்டாளத்தில் இருந்தவன், நாலு விஷயம் தெரிந்தவன், வாரம் ஒருநாள் பஸ் ஏறி வந்து போனில் ஏதாவது வீடியோவைக் காட்டுவான். "யக்கா, பிளேன யாரோ கடத்திட்டுப் போயிருக்காங்க. பிளேன்ல ஒரு மிஷின் இருக்கும், நான் இன்னார்னு அதுதான் கீழ சொல்லிக்கிட்டே இருக்கும். அத அமத்திட்டா வெறும் புள்ளிதான் தெரியும். இன்னொரு பிளேனுக்குப் பின்னாடியே ஒட்டிப் போனா ரெண்டும் ஒரே புள்ளி. தாழ்வா மலை இடுக்குல போனா அந்தப் புள்ளியும் கிடையாது. நம்ம கூமாப்பட்டி மலைக்கு அங்கிட்டு ஒண்ணு பதுங்கிப் போச்சுன்னா இங்க எவனுக்குத் தெரியும்?" என்பான். பழைய யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட ஓடுதளங்கள் தீவுக்குத் தீவு கிடக்கிறதாம், அங்கே இறக்கி மேலே தழையைப் போட்டு மூடிவிட்டால் வானத்திலிருந்து பார்த்தாலும் காடுதானாம். நான் போலீஸ் வேலை பார்த்தவன் இல்லையா, வாய் சும்மா இருக்காது. அவ்வளவு பெரிய விமானம் நிற்க எவ்வளவு தூரம் ஓடவேண்டும், அதைப் புல் முளைத்த பாதை தாங்குமா, எண்ணெய் எதுவரை வரும், பறித்துவைத்த போன்களில் ஒன்றுகூடவா ஒருதரம் சிணுங்காது என்று கேட்பேன். ஒருநாள், "இருநூறு பேருக்கு மேல இருக்காங்க, இத்தன வருசமா யாருடா சோறாக்கிப் போடுறா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "சோறாக்குறவளும் ஒருத்தி பெத்த பொம்பளயாத்தான் இருப்பா. என்னிக்காச்சும் மனசு இரங்கி வெளிய சொல்லுவா" என்றாள். அதற்குமேல் நான் எந்த விசாரணையைப் பண்ணுவது சொல்.

ஆடி கழிந்த மறுவாரம் மாமா புதிதாக ஒரு வீடியோ கொண்டுவந்தான். மரங்களுக்கு நடுவே ஒரு விமானத்தின் வால் மாதிரி ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் எறும்பளவு ஆள் உருவம். "யக்கா, நிக்கிற சாடையப் பாரு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு, நம்ம துரை மாதிரி இல்ல?" என்றான். எனக்கு அவனை அறையலாம் போல வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, "ஏலே பாண்டி, வருசக்கணக்கா இறங்கிருச்சு இறங்கிருச்சுங்க. பிளேன் எப்பிடி இறங்கும்னு நான் கண்ணால பாத்ததே இல்ல. துரை போகும்போதும் சென்னைக்கு ரயிலேத்தித்தான் விட்டேன். எனக்கு அது இறங்குறதப் பாக்கணும். கூட்டிட்டுப் போ" என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அங்காளம்மாளிடம் கொடுத்து, யாராவது வந்தால் உட்காரச் சொல்லு என்று சொல்லிவிட்டு மறுநாள் மத்தியானம் காரில் மதுரைக்குக் கிளம்பினோம்.

பெருங்குடிப் பக்கம் விமான நிலையத்துச் சுற்றுவேலியை ஒட்டி ஒரு ரோடு போகிறது. டிரைவர் அங்கே ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள். முதலில் ஒரு வெளிச்சம் வந்தது, வெளிச்சம் பெரிதாகிப் பெரிதாகி, எங்கள் தலைக்குமேல் வயிறு தெரிய இறங்கி வந்தது பார். அந்தச் சத்தத்தில் ஆடுகள் சிதறி ஓடின, அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மேல் சாய்ந்துவிட்டாள். சக்கரம் தரையில் பட்ட இடத்தில் புகை கிளம்பியது. தரையே அதிர்ந்தது. அதற்கப்புறமும் நிற்காமல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்தாயிற்று, போகலாமா என்று மாமா கேட்டான். "இன்னொண்ணு வரட்டும்" என்றாள். இன்னொன்றும் வந்தது. இந்தத் தடவை அவள் காதைப் பொத்தவில்லை. பிறகு பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு அழைத்துப்போகச் சொன்னாள். அங்கே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் பார்த்தாள். ஒரு பையன் வெளியே வந்ததும் அவன் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பெயர் போட்ட அட்டையைத் தூக்கிப் பிடித்த டிரைவர்கள், பூ வாங்கி வந்தவர்கள், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்கள். கடைசி ஆள் போய், வாசல் வெறிச்சென்று ஆகும்வரை நின்றாள்.

அப்புறம் மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். "பாண்டி, இம்புட்டுச் சத்தத்தோட, இம்புட்டு வெளிச்சத்தோட இறங்குறது ஒருத்தருக்கும் தெரியாம எங்கிட்டுப்பா இறங்கியிருக்கும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை வெங்கடேஸ்வரி, பஸ் போய்விட்டதா என்று கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள். மாமா அந்த இடத்திலேயே உடைந்து அழுதுவிட்டான். "நான் என்னக்கா செய்ய, நீ சோறு திங்காம கெடந்த, ஒரு நெனப்பு இருந்தாத் திம்பேன்னுதான் தேடித்தேடிக் கொண்டாந்தேன்" என்றான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "தெரியும்டா, அதைக் கேட்டுத்தான் நானும் தின்னேன்" என்றாள். இத்தனை வருசம் எதிர்த்துக் கேள்வி கேட்டவன் நான், அப்போது மட்டும் யாராவது ஒருவர் வந்து இல்லை, அப்படியும் இறங்கலாம் என்று ஒரு வழி சொல்லமாட்டார்களா என்று இருந்தது எனக்கு.

காரில் வரும்போது கல்லுப்பட்டி தாண்டியதும் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் இந்தக் கடிதம். "வெங்கடேஸ்வரிக்கு லீவு இல்லன்னு நீங்க சொன்னத நான் நம்பல. அவ பயந்துபோயிருக்கான்னு எனக்குத் தெரியாதா. அவ கூப்பிட்டாங்கிறத நான் ஒருநாளும் குத்தமா நெனச்சதில்ல. தம்பிக்காரன் அக்கா பிள்ளயப் பாக்கப் போனான், அதுல என்ன குத்தம் இருக்கு? ஒரு பிள்ளய அந்தப் பிளேன் கொண்டுபோச்சு. இன்னொரு பிள்ளய நானே விட்டுட்டு வாசலப் பாத்து உக்காந்திருக்கேன். அவளால வர முடியலன்னா நாம போவோம்ங்க" என்றாள். வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாடி, அதனால் நாங்கள் வருகிறோம். பாஸ்போர்ட்டுக்கு மதுரையில் போய் எழுதிக்கொடுத்தாயிற்று. போட்டோ எடுக்கும்போது சிரிக்கக்கூடாது என்றார்கள், அவளுக்கு அது ஒரு கஷ்டமாக இல்லை. விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று மாப்பிள்ளையை அனுப்பச் சொல்லு. துரைக்குச் செய்யவேண்டியதை இதுவரை நாம் செய்யவில்லை. அக்கா இல்லாமல் அவனுக்கு எதுவும் வேண்டாம், அவள் வீட்டுப் பக்கத்துக் கடலிலேயே எல்லாரும் சேர்ந்து நின்று செய்வோம் என்கிறாள் அம்மா. பேத்திக்கு இன்னும் காது குத்தாமல் வைத்திருக்கிறாயே, தாய்மாமன் மடி இல்லை என்று நீ தள்ளிக்கொண்டே வருகிறாய் என்று அவளுக்குத் தெரியும். "என் மடியில வச்சுக் குத்துவோம், அவனுக்கும் அதுதான மடி" என்றாள். உன் பதில் வந்ததும் தோடு எடுக்க ராஜபாளையத்துக்குப் போகிறோம். கல் வைத்ததா, வெறும் பூவா என்று மகாலட்சுமியிடம் கேட்டுச் சொல். அவள் எவ்வளவு உயரம் என்றுகூட எனக்குத் தெரியாது. போனில் முகம்தான் தெரிகிறது. ஒருநாள் அவளைக் கதவுநிலைப் பக்கம் நிற்கவைத்துக் காட்டு, இங்கே நம் வீட்டு நிலையில் எதுவரை வருவாள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன். இந்த வயதில் முதல் தடவையாக ஏறப்போகிறேன், அதுவும் அவன் போன திசையிலேயே. ஆனால் உன்னைப் பார்க்காமல் இன்னொரு வருசம் இருப்பதை நினைத்தால் அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை. நீ எந்த விமானத்திலும் ஏறவேண்டாம். நாங்கள் வெளியே வருகிற அந்த வாசல்வரை மட்டும் வா. அதுவும் முடியாவிட்டால் காரிலேயே இரு, நாங்கள் உன்னைத் தேடி வந்துவிடுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. ஆண்டாள் தாயார் அருளாலும் வைத்தியநாதர் துணையாலும் நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள் தாயி. நாங்கள் ஏறிய பிறகு எங்கள் விமானம் எங்கே வருகிறது என்று போனைப் பார்த்துக்கொண்டே விழித்திருக்காதே. செத்த நேரம் தூங்கு. இறங்கியதும் நானே கூப்பிடுகிறேன்.

உன்னைப் பார்க்கும் ஆசையோடு,
அப்பா,
சோலைச்சாமி