போட்டு வாறன்

மே மாதம், ஞாயிறு இரவு

என்னோட வேலை செய்த ராமோனின்ர ஊர் புட்போல் ரீம் இண்டைக்குத் தோத்துப்போச்சு. ஹொண்டூராஸ் முதல் பிரிவு லீக்கில கடைசி இடம். அடுத்த சீசன் இரண்டாம் பிரிவிலதான் விளையாட வேணும்.

எனக்குப் புட்போல் தெரியாது. இங்க கனடாவில, மிசிசாகா வேர்ஹவுஸில அவனோட ஒரே மேசையில சாப்பிட்டுச் சாப்பிட்டு, அவங்கட கோல்கீப்பரின்ர முழங்கால் நோ வரைக்கும் எனக்குப் பாடம்.

வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்க "அண்ணை, போறன்" எண்டு தமிழில சொல்லுவான். ஆரிட்டையோ கேட்டுப் பழகினது. நான்தான் திருத்தினன். "போறன் எண்டு சொல்லக்கூடாதடா. அது திரும்பி வராத ஆக்கள் சொல்லுறது. போட்டு வாறன் எண்டு சொல்லு." அதுக்குப் பிறகு ஒருநாளும் பிழை விடேல்லை.

மார்ச்சில அவன்ர அகதிக் கேஸை மறுத்து, ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்.

இண்டைக்கு மட்ச் முடிஞ்ச கையோட அங்கயிருந்து போன் எடுத்தான். நான் உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தன். தோத்த கதையைச் சொன்னான். நான் மடிக்கிறதை நிப்பாட்டேல்லை.

"கீழ போன ரீம் அடுத்த வருசம் மேல வரலாம்தானே?" எண்டு கேட்டன். அவன்தான் எனக்கு அதைச் சொல்லித்தந்தவன்.

"ரீம் வரும், அண்ணை" எண்டான்.

கையில இருந்த உடுப்பை மடிக்காமல் வைச்சன். போனை வைக்க முதல், "அண்ணை, போறன்" எண்டான்.

நான் திருத்தேல்லை. "ஓம்" எண்டு மட்டும் சொன்னன்.