வீட்டுச் சோப்பு

பிப்ரவரி 9

திரைச்சீலை தைத்து முடித்தாயிற்று. லேத் பட்டறையில் போட்டிருந்த என் நீலக் கால்சட்டைகளைப் பிரித்துத் தைத்தது. மிச்சத் துணியில் இரண்டு திண்டு உறை. பைகளை மட்டும் பிரிக்கவில்லை. மகள் ஒன்றில் டிவி ரிமோட்டைச் செருகிவிட்டு, "அப்பா, இப்பதான் உருப்படியான திண்டு" என்றாள். சிரித்துவிட்டேன். பட்டறையை மூடியபின் நான் சிரித்தது – சரி, அது கிடக்கட்டும்.

இனி முடிந்தவரை கடைக்குப் போவதில்லை. கை இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

பிப்ரவரி 15

முதல் ஈடு சோப்பு காய்ச்சியாயிற்று. வடிகட்டிய பழைய எண்ணெயும் காஸ்டிக் சோடாவும். சோடாவை எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டுமாம். இதற்கென்று ஒரு தராசு வாங்குவதா? கரண்டியால் அளந்துகொண்டேன். மஞ்சளாக இறுகிக் கட்டியாகிவிட்டது. பார்க்க லட்சணமாகவே இருக்கிறது.

மார்ச் 8

மனைவியின் அண்ணன் வந்திருந்தார். கை கழுவிவிட்டு விரலை முகர்ந்து பார்த்தார். "அடுத்து உப்பையும் நீங்களே காய்ச்சிடுவீங்க போல, மாப்ள!" என்றார். தன் கடைக்கு வந்து உட்காரச் சொன்னார், மறுபடியும். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அவர் போனதும் அடுத்த ஈட்டைக் காய்ச்சினேன்.

மார்ச் 20

கரியில் இடித்த பல்பொடி சரிவரவில்லை. மூன்று பேர் வாயும் அடுப்புக்குள் விட்டு எடுத்த மாதிரி.

மார்ச் 29

மனைவி சாப்பிட ஸ்பூன் கேட்டாள். பார்த்தால் விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருக்கிறது. "ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணிங்க. எல்லா நர்சுக்கும் வர்றதுதான்" என்றாள். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஏப்ரல் 6

இவளுடைய பையின் வார் அறுந்திருந்தது. தைத்துத் தரலாமென்று உள்ளே இருந்ததை எடுத்து வைத்தேன். அடியில் ஒரு டப்பா. அதில் பாதி தேய்ந்த கடைச் சோப்பு.

வேலை முடிந்து வந்தவளிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "எனக்குத் தெரியாம சோப்பு வாங்கற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?" மகள் குறுக்கே வந்தாள்.

"அம்மா கை வெடிச்சது மருந்துத் தண்ணியால இல்லப்பா, உங்க சோப்பால. டாக்டரே சொல்லிட்டாங்க. வீட்டுல உங்க முன்னாடி மட்டும்தான் அம்மா அதப் போடுறாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பட்டறை மூடுனப்புறம் செவுத்தப் பாத்தே படுத்துக் கெடந்தீங்க" என்றாள் இவள். "தைக்க, காய்ச்சன்னு ஆரம்பிச்சப்புறந்தான் எந்திரிச்சீங்க. கைதானே, ஆறிடும்னு விட்டுட்டேன்."

இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்: லேத்துல மயிரிழை பிசகினாலும் உருப்படியத் தூக்கிப் போட்டவன்டா நீ. சோடாவக் கரண்டியால அளந்தியே! அவ கையப் பாத்தியே, ஒரு தடவையாவது யோசிச்சியா?

ஏப்ரல் 7

மிச்சக் கட்டிகளைத் தாளில் சுற்றி, கையில் படாமல் எடுக்கச் சொல்லிக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்தேன். டாக்டர் சொன்ன சோப்பை வாங்கி வந்து குளியலறையில் வைத்தேன்.

ஏப்ரல் 19

இவள் கை தேவலை. இன்று பிசைந்து சாப்பிட்டாள்.

காலையில் செய்ய ஒன்றுமில்லை. இருந்தும் எழுந்தேன்.

மே 3

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, படிக்க ஒரு மேசை வேணும்."

கடையில் பார்க்கலாம் என்றேன்.

"கடை மேசையெல்லாம் எனக்கு ஒசரம், தோள் வலிக்குது. நீங்களே செஞ்சு குடுங்க. ஆனா எப்படி வேணும்னு நான்தான் சொல்லுவேன்."

இதுவரை இந்த வீட்டில் எல்லாம் நானாகச் செய்து தலையில் கட்டியதுதான். ஒருவர் வேண்டுமென்று கேட்டது இதுவே முதல் தடவை.

உள்ளேயிருந்து இவள் குரல்: "எதுக்கும் அளவைக் கையோட சொல்லிடும்மா, அப்பா கரண்டி எடுத்துட்டு வந்துடப்போறாரு!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மகளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்தேன்.

"இவ்வளவு போதுமா?"

"இன்னும் ஒரு விரல் கொறச்சுக்குங்க."

குறைத்துக்கொண்டேன்.